சுரங்கப்பாதை வேலை: வந்த வழியிலும் ஒரு கண்

உத்தராகண்டில் சில்க்யாரா சுரங்கப்பாதை 2023 நவம்பர் 12, தீபாவளியன்று அதிகாலை இடிந்து 41 தொழிலாளர்கள் உள்ளே சிக்கினார்கள். இடிந்தது தோண்டும் முனை அல்ல. வாயிலிலிருந்து சுமார் 200 மீட்டரில், முன்பே தோண்டியிருந்த பகுதி. ஏறத்தாழ 60 மீட்டர் நீளத்துக்கு இடிபாடு வழியை அடைத்தது. நவம்பர் 28 அன்று அத்தனை பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள். எதிரே உள்ள பாறையை மட்டுமல்ல, வந்த வழியையும் கவனிக்க வேண்டும் என்பது அங்கே கண்ட பாடம்.

வெடித்த பிறகு

பாறையை உடைக்க வைத்த வெடி வெடித்ததும் உள்ளே ஓடக்கூடாது. மின்விசிறி புகையை வெளியேற்ற வேண்டும். கேஸ் மீட்டரில் காற்றைச் சோதிக்க வேண்டும். வெடிக்காத மருந்து மிச்சமிருக்கிறதா என்று பொறுப்பாளர் பார்க்க வேண்டும். அடுத்து, தளர்ந்த கல்லைத் தட்டி விழவைக்கும் வேலை. நீளமான கம்பியால் தட்டினால் கெட்டிப் பாறை கணீரென்று ஒலிக்கும். விரிசல் விட்ட பாறை பொத்தென்று ஒலிக்கும். தட்டுபவர் நிற்க வேண்டியது ஏற்கெனவே தாங்கல் கொடுத்த கூரையின் கீழ்தான். பிறகு கூரைக்குத் தாங்கலாகக் கான்கிரீட் தெளிப்பு, பாறையை இறுக்கிப் பிடிக்கும் ராக் போல்ட். தாங்கல் இல்லாத கூரையின் கீழ் ஒரு நிமிட வேலைக்குக்கூட யாரும் போகக்கூடாது.

மூக்கை நம்பாதீர்கள்

கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. ஹைட்ரஜன் சல்பைடு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கே மரத்துப்போகும். நாற்றம் நின்றதால் ஆபத்து நீங்கிவிட்டது என்று நினைப்பவர் மாட்டிக்கொள்வார். காற்றில் மீத்தேன் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் ஒரு பொறியே வெடிக்கப் போதும். ஆக்சிஜன் 19.5 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் வெளியேற வேண்டும். பாறைத் தூசியில் உள்ள சிலிக்கா நுரையீரலை மெல்லச் சேதப்படுத்தும். அதனால் தண்ணீர் விட்டுத்தான் துளையிட வேண்டும், பொருத்தமான முகக்கவசமும் வேண்டும்.

முடிந்த பகுதியும் அசையும்

கான்கிரீட்டில் புது விரிசல், வளைந்த போல்ட் தகடு, திடீரென்று கலங்கி வரும் தண்ணீர் ஆகியவை எச்சரிக்கைகள். சுவரில் பதித்த குறிகளை அளந்தால் சுவர் எவ்வளவு நகர்கிறது என்பது தெரியும். நகர்வு குறையாமல் கூடினால் எல்லோரும் வெளியே வர வேண்டும்.

சில்க்யாராவில் இடிபாட்டுக்கு அப்பால் சுமார் 2 கிலோமீட்டர் இடம் இருந்தது. மெல்லிய குழாய் ஒன்றின் வழியே காற்றும் உலர் உணவும் போயின. 6 அங்குலக் குழாய் நுழைந்த பிறகுதான் சூடான கிச்சடி கிடைத்தது. ஆள் ஊர்ந்து வரும் அகலமுள்ள குழாயை ஆபத்தான பகுதியில் முன்கூட்டியே போட்டுவைப்பது அவசியம்; வழி அடைபட்டாலும் அதன் வழியே வெளியேறலாம். உள்ளே யார் யார் என்று காட்டும் டோக்கன் பலகையை ஷிப்டுக்கு ஷிப்ட் சரிபார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் மேல் ஒன்று உண்டு. கூலி பிடித்துவிடுவார்கள் என்ற பயம் இருந்தால் விரிசலைக் கண்டவரும் வாயைத் திறக்கமாட்டார். சந்தேகத்தில் வேலையை நிறுத்தியவருக்கு அன்றைய கூலி உறுதி என்று பொறுப்பாளர் முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.