'லைசென்ஸ் தேவையில்லை' வண்டி: இடித்துவிட்டால் பொறுப்பு யாருக்கு?

'லைசென்ஸ் தேவையில்லை, ஆர்.சி. தேவையில்லை, பெட்ரோலும் தேவையில்லை.' பேட்டரி ஸ்கூட்டர் விற்கும் கடைகளில் இந்த விளம்பரத்தை இன்று பல ஊர்களில் பார்க்கிறோம். படித்ததும் பெற்றோருக்கு எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளையின் நினைவு வந்துவிடுகிறது. ட்யூஷனுக்கும் மதரஸாவுக்கும் அவனே போய் வந்துவிடுவான், வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவுக்கும் கவலை குறையும் என்று வாங்கிக் கொடுத்துவிடுகிறோம்.

அந்த விளம்பரத்தில் உண்மை இருக்கிறது. ஆனால் அதற்குப் பின்னால் உள்ள நிபந்தனைகளை யாரும் நமக்குச் சொல்வதில்லை.

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 2(யு) பிரிவு இதைப் பற்றிப் பேசுகிறது. மோட்டாரின் திறன் 250 வாட்டுக்குக் குறைவாகவும், அதிகபட்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்து, அரசு அங்கீகரித்த பரிசோதனை நிறுவனம் அதைச் சோதித்துச் சான்று கொடுத்திருந்தால், அந்த பேட்டரி வண்டி 'மோட்டார் வாகனம்' என்ற கணக்கிலேயே வராது. அப்படி வராதபோது லைசென்ஸ், பதிவு, இன்சூரன்ஸ், ஓட்டுபவரின் வயது என்று மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் எதுவும் அதற்குப் பொருந்தாது. மிதித்துக்கொண்டே போகும்போது மோட்டார் துணை செய்யும் சைக்கிளுக்கும் இதே சலுகை உண்டு. ஆனால் 25 கிலோமீட்டர் வேகத்தை எட்டியதும் அதன் மோட்டார் தானாக நின்றுவிட வேண்டும்.

சிக்கல் வண்டி வீட்டுக்கு வந்த பிறகுதான் ஆரம்பிக்கிறது. "என்ன வாப்பா, சைக்கிள்காரன்கூட என்னை முந்துறான்" என்று பிள்ளை சிணுங்குவான். மெக்கானிக் வேகக் கட்டுப்பாட்டை எடுத்துவிடுவார். சில இடங்களில் விற்கும்போதே எடுத்துக் கொடுத்துவிடுகிறார்கள். 25இல் போக வேண்டிய வண்டி 40இல் பறக்கிறது. 25க்கும் 40க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றலாம். ஆனால் மோதலின் வலு வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. கணக்குப் போட்டால் இரண்டரை மடங்குக்கும் மேல் வருகிறது. பேட்டரி வண்டியில் சத்தமும் கிடையாது. தெருவோரமாக நடந்து போகும் முதியவருக்கு, பின்னால் வண்டி வருவதே இடித்த பிறகுதான் தெரியும்.

கட்டுப்பாட்டை எடுத்த அந்த நிமிடமே சட்டம் கொடுத்த சலுகையும் போய்விடுகிறது. இப்போது அது பதிவு செய்யப்படாத, இன்சூரன்ஸ் இல்லாத மோட்டார் வாகனம். ஓட்டுவது லைசென்ஸ் இல்லாத சிறுவன். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்ட 199ஏ பிரிவின்படி, சிறுவர் வண்டி ஓட்டிக் குற்றம் நேர்ந்தால் பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அந்தப் பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸும் கிடைக்காது.

சட்டத்தின் பக்கம் இப்படி. மார்க்கத்தின் பக்கம் நாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. பருவமடையாத பிள்ளைமீது பாவம் எழுதப்படுவதில்லை என்பது நமக்குத் தெரியும். ஆனால் அவன் பிறருக்கு ஏற்படுத்திய சேதத்திற்கு ஈடு கொடுக்கும் கடமை நீங்கிவிடுவதில்லை என்று ஃபுகஹாக்கள் சட்டம் எழுதியிருக்கிறார்கள். இதைப் பலர் கலந்து குழப்பிக்கொள்கிறோம். ஒட்டகமும் குதிரையும் வாகனமாக இருந்த காலத்திலேயே, சவாரி செய்யும்போது அந்தப் பிராணி மிதித்து உண்டாக்கும் சேதத்திற்கு ஏறியிருப்பவர் பொறுப்பா என்று ஃபிக்ஹு நூல்கள் தனியாகப் பேசுகின்றன. பொறுப்புதான் என்பதே ஷாஃபி, ஹனஃபி இரு மத்ஹபிலும் அடிப்படை.

தவறுதலாக ஓர் உயிர் போய்விட்டால் இறந்தவரின் குடும்பத்திற்கு தியத் கொடுக்க வேண்டும் என்று சூரா அன்னிஸா கட்டளையிடுகிறது. அந்தச் சுமையை ஒருவர் தனியாகத் தாங்க முடியாது என்பதால் 'ஆகிலா' எனப்படும் தந்தைவழி உறவினர்கள் மூன்று ஆண்டுகளில் அதைப் பகிர்ந்து கொடுக்கும் ஏற்பாட்டையும் ஷரீஅத் செய்திருக்கிறது. பாதிக்கப்பட்டவர் வெறுங்கையோடு நிற்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். (வணிக இன்சூரன்ஸைப் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாடு தனி விஷயம். அதை இங்கே எடுக்கவில்லை.)

இப்போது நம் தெருவுக்கு வருவோம். பதிவு எண் இல்லாத வண்டி ஒருவரை இடித்துவிட்டு ஓடினால், எதை வைத்துத் தேடுவது? பிடிபட்டாலும் இன்சூரன்ஸ் கிடையாது. சட்டப்படி மோட்டார் வாகனமே அல்லாத வண்டி என்றால், விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்கும் போக முடியாது. சிவில் கோர்ட்டில் வழக்குப் போட்டு ஆண்டுக்கணக்கில் அலைய வேண்டும். கூலி வேலைக்குப் போகும் ஒரு குடும்பத் தலைவர் கால் உடைந்து படுத்துவிட்டால், அந்த வீடு எதை நம்பி இருக்கும்?

அதற்காக எல்லா பேட்டரி வண்டிக்கும் முழு லைசென்ஸ் கட்டாயமாக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இந்தச் சலுகையால் பயன் பெறுபவர்கள் ஏழைகளும் பெண்களும்தான். பிள்ளைகளைப் பள்ளியில் விட்டு வரும் தாய்மார்கள், முழங்கால் வலியோடு ஐவேளைத் தொழுகைக்குப் பள்ளிவாசல் வரும் பெரியவர்கள், தள்ளுவண்டியை விட்டுவிட்டு இதில் வியாபாரத்துக்குப் போகிறவர்கள் என எத்தனையோ பேர். அவர்களை ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் இடைத்தரகர்களுக்கும் அலையவிடுவது இன்னொரு அநியாயம். மிதித்து ஓட்டும் துணை மோட்டார் சைக்கிளையும் சைக்கிளாகவே விட்டுவிடலாம்.

ஆனால் மிதிக்காமல், ஆக்ஸிலேட்டரைத் திருகியே ஓட்டும் வண்டிக்குக் குறைந்தபட்சம் ஒரு பதிவு எண்ணும், பிறருக்கான இழப்பீட்டு ஏற்பாடும், ஒரு வயது வரம்பும் இருக்க வேண்டும் என்பதே நம் கருத்து. இது நடக்காத காரியமல்ல. நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் மோட்டார் சைக்கிளே அல்லாத, மிதித்து ஓட்டும் மின் சைக்கிளுக்குக்கூட பதிவும் நம்பர் பிளேட்டும் கட்டாயம். 16 வயது ஆக வேண்டும். 2022 முதல் சாலை விதிகள் பற்றிய ஒரு எழுத்துத் தேர்விலும் தேற வேண்டும். ஓட்டிக்காட்டும் தேர்வெல்லாம் இல்லை, செலவும் பெரிதல்ல.

அரசு விதியை மாற்றும் வரை வாங்குபவர்கள் கடையில் சில கேள்விகளைக் கேட்கலாம். இந்த மாடலுக்குப் பரிசோதனைச் சான்று இருக்கிறதா? புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற நிறுவனம் கொடுத்த சான்றின் நகலைக் காட்டச் சொல்லுங்கள். 250 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய வண்டியை 45இல் ஓட்டிக் காட்டி "நல்லா இழுக்கும் பாய்" என்று கடைக்காரர் சொன்னால், அது லைசென்ஸ் தேவைப்படும் வண்டி. அதைப் பதிவு செய்துகொண்டு, லைசென்ஸ் உள்ள பெரியவர்கள் ஓட்டலாம். பேட்டரி வண்டிகளுக்கான பதிவுச் சான்றுக் கட்டணத்தை மத்திய அரசு 2021லேயே நீக்கிவிட்டது.