புகைபோக்கிச் சல்லடையும் எண்ணெய்ப் பிசுக்கும்

ஜவ்வாது மலையடிவாரத்து ஆலங்காயத்தில் நம் பாட்டிமார் சமைத்த அடுக்களைகளுக்குப் புகைபோக்கியென்பது கூரையில் விடப்பட்ட ஒரு துவாரமே. விறகின் புகையும் தாளிப்பின் ஆவியும் அதன் வழியே ஒருவாறு வெளியேறும். எஞ்சியவை உத்திரத்திலும் ஓட்டிலும் கரிய பிசுக்காய்ப் படியும். பொங்கலுக்கு முன் ஒட்டடைக்கோலால் ஒருமுறை தட்டுவதோடு அவ்விஷயம் தீர்ந்தது. இன்றோ அங்கும் எரிவாயு அடுப்பும், அதற்கு மேல் சிம்னி எனப்படும் மின்சாரப் புகைபோக்கியும் இல்லங்களிற் குடிபுகுந்துள்ளன. முன்னர்க் கூரையெங்கும் பரவிய பிசுக்கு இப்பொழுது ஒரு சிறு சல்லடையில், எரியும் நெருப்புக்கு நேர்மேலே, ஒருங்கே திரள்கின்றது. வாணலியில் எண்ணெய் தீப்பற்றுமாயின் அச்சுவாலை முதலிற் சென்று நக்குவது அச்சல்லடையையே.

சென்ற விடுமுறையில் அவ்வூரில் எம் சிற்றன்னையார் இல்லத்தில் நேர்ந்ததொன்றே இதனை எழுதத் தூண்டிற்று. பல மாதங்களாய்க் கழுவாதிருந்த சல்லடையைத் தூய்மையாக்க விரும்பி, கடையிற் காஸ்டிக் சோடா வாங்கி, வெந்நீரிற் கரைத்து, அதனுள் அதனை அமிழ்த்தினார். நீர் சீறிப் பொங்கிற்று; மூக்கையெரிக்கும் ஆவி எழுந்தது. ரசாயனம் பயின்ற யாமோ அருகிருந்து வேடிக்கை பார்த்தோமென்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கின்றோம். நல்லவேளையாக அடுப்பு எரியவில்லை. வெளியே எடுத்தபோது பிசுக்குப் போயிருந்தது. கம்பிவலையிலும் பாதி போயிருந்தது!

காரணம் யாதெனில், அச்சல்லடை அலுமினியத்தாலானது. அலுமினியத்தின்மேல் இயல்பாகவே மெல்லிய ஆக்ஸைடுப் படலமொன்று மூடி அதனைக் காக்கின்றது. கடுங்காரம் அப்படலத்தைக் கரைத்து உள்ளேயுள்ள உலோகத்தையும் தின்னும். அங்ஙனம் தின்னும்போது ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அஃது எளிதில் தீப்பற்றுவது. வாயுக்குமிழிகளோடு காரத்துளிகளும் தெறிப்பதால் கண்ணுக்கும் பெருங்கேடு.

இவ்விடத்தில் ஆலங்காயத்தாருக்கு நன்கு பழகிய ஓர் உதாரணம் உண்டு. ஆங்கிருந்து மலையேறினால் வருவது காவலூர் வானாய்வு நிலையம். அங்கே 1986-இல் திறந்து வைக்கப்பெற்றதும் வேணு பாப்பு அவர்களின் பெயர் தாங்கியதுமான 2.34 மீட்டர் தொலைநோக்கியின் ஆடியில் ஒளியைத் திருப்புவது கண்ணாடியன்று. அதன்மேற் பூசிய அலுமினியம். அப்பூச்சின் கனம் மயிரிழையின் பருமனில் நூற்றிலொரு பங்கும் இராது. இத்தகைய ஆடிகள் மங்கியபோது பழைய பூச்சைக் காரத்தாலோ திராவகத்தாலோ கரைத்தெடுத்து, வெற்றிடத்திற் புதிதாய்ப் பூசுதல் வானநூலார் வழக்கம். அவர்கள் அலுமினியத்தை நீக்க வேண்டிச் செய்யும் வேலையை, அதைக் காக்க வேண்டிய இடத்தில் நாம் செய்துவிட்டோம்.

ஆதலின் முதலிற் கேட்க வேண்டியது, சல்லடை எவ்வுலோகம் என்பதே. காந்தம் ஒட்டினால் எஃகு. ஒட்டாவிடினும் சிலவகை எஃகு இருத்தல் கூடும். ஐயமிருப்பின் அலுமினியமென்றே கொள்க. எஃகுத் தகட்டுக்குச் சலவைச் சோடா தகும். அலுமினிய வலைக்கு அதுவும் ஆகாது, கறுத்துவிடும். விறகடுப்புச் சாம்பலும் அத்தகையதே: சாம்பலிலுள்ள காரத்தால் வெண்கலமும் இரும்பும் துலங்கின, அலுமினியப் பாத்திரம் வந்தபின் அது மங்கிற்று. உட்புறத்திற் கரித்தூள் நிரப்பிய சல்லடை இருப்பின் அதனை நனைத்தலே கூடாது, மாற்றுதலே முறை.

பிசுக்கென்பது வெறும் எண்ணெயன்று. வெப்பத்தாலும் காற்றிலுள்ள பிராணவாயுவாலும் எண்ணெயின் அணுத்திரள்கள் ஒன்றோடொன்று பின்னி, நாளடைவில் மரத்துக்குப் பூசும் வார்னிஷ்போல் இறுகுகின்றன. பதினைந்து நாட்பிசுக்கு வெந்நீருக்கும் சோப்புக்கும் இளகும். ஓராண்டுப் பிசுக்கு எதற்கும் எளிதில் இளகாது. மிகுதியாய்ப் பொரிக்கும் வீட்டார் இருவாரத்துக்கொருமுறையும், ஏனையோர் மாதந்தோறும் கழுவின் கடுமருந்து வேண்டுவதில்லை.

கழுவும் முறை எளிது. அடுப்பை அணைத்து, மின்விசையை நிறுத்தி, செருகியையும் பிடுங்கி, எல்லாம் குளிர்ந்தபின் சல்லடையைக் கழற்றுக. கை பொறுக்குமளவுக்குச் சற்று மேற்பட்ட சூட்டில் ஒரு வாளி வெந்நீர், பாத்திரம் துலக்கும் சோப்பு, இரண்டு மூன்று கரண்டி சமையற் சோடா. அதில் அரைமணி நேரம் அமிழ்ந்திருக்கட்டும். கொதிக்கவிடலாகாது: கொதித்தால் சமையற் சோடா கரியமிலவாயுவை இழந்து சலவைச் சோடாவாய் மாறும், நாம் விலக்கியதே திரும்ப வந்துவிடும். பின்னர்க் கையுறையணிந்து மெல்லிய தூரிகையால் தேய்க்க. கம்பிச்சுருள் வலையைக் கிழிக்கும். தகட்டின் ஓரங்கள் விரலைக் கிழிக்கும்.

அவசரக்காரர் சிலர் கழிப்பறைத் திராவகத்தையும் வெளுப்புத்தூளையும் ஒருங்கே கொட்டுவர். அவற்றினின்றெழுவது குளோரின் வாயு. முதல் உலக யுத்தத்தில், 1915-இல், ஈப்ரே களத்திற் படைவீரரைக் கொன்ற அதே வாயு. வெளுப்புத்தூளோடு அம்மோனியா சேர்ந்தாலும் நஞ்சே. மண்ணெண்ணெயாலும் பெட்ரோலாலும் துடைத்து நெருப்பின்மேல் மாட்டுவோர்க்கு யாம் சொல்லத்தக்கது ஒன்றுமில்லை.

ஒருகால் வாணலி தீப்பற்றின் எரிவாயுவை அடைத்து, மூடியால் வாணலியை மூடுக. கை எட்டுமாயின் புகைபோக்கியையும் நிறுத்துக. அதன் விசிறி சுவாலையைப் பிசுக்கை நோக்கி மேலே இழுக்கும். எரியும் எண்ணெயில் நீர் ஊற்றலாகாது. அந்நீர் நொடியில் ஆவியாகி எண்ணெயைத் தீயோடு வீசியெறியும்.

சிற்றன்னையார் வேறு சல்லடை வாங்கிவிட்டார், இம்முறை எஃகு. கழுவிய நாளில் அது முற்றத்து வெயிலிற் சொட்டு ஈரமுமின்றிக் காய்ந்தபின்னரே மீண்டும் பூட்டப்படுகின்றது. ஈரத்தோடு பூட்டலாகாதென்று இப்பொழுது அவரே எமக்குப் பாடம் சொல்லுகிறார்.