தண்டவாளத்தில் கிடந்த உடலும் கோயில் கேமராவும்

பொன்னேரி, கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி, எளாவூர், ஆரம்பாக்கம். நம் பகுதி இளைஞர்கள் சிப்காட் வேலைக்கும் கல்லூரிக்கும் போய்வருவது இந்த ரயில் தடத்தில்தான். தண்டவாளத்தில் ஓர் உடல் கிடந்தால் ரயில்வே போலீசார் முதலில் சந்தேக மரணம் என்றுதான் பதிவு செய்வார்கள். நேரில் பார்த்த சாட்சி இல்லையென்றால் கொலை என்று நிரூபிக்கவே முடியாது என்று ஊரிலும் பேசிக்கொள்வோம். அது சரியல்ல என்று காட்டியது கோகுல்ராஜ் வழக்கு.

சேலம் மாவட்டம் ஓமலூரைச் சேர்ந்த தலித் பொறியியல் பட்டதாரி கோகுல்ராஜ். 2015 ஜூன் 23 அன்று, உடன் படித்த மாற்றுச் சாதித் தோழியுடன் திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குச் சென்றிருந்தார். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டான நிலையில் அவர் உடல் கிடைத்தது. தற்கொலை என்று காட்ட ஒரு கடிதமும் இருந்தது. சேலம் அரசு மருத்துவமனையில் நடந்த பிரேதப் பரிசோதனைக்குப் பிறகுதான் வழக்கு கொலை வழக்காக மாறியது.

வெட்டியதைப் பார்த்தவர் யாரும் இல்லை. கோயிலில் கூட இருந்த தோழியும் விசாரணையில் பிறழ்சாட்சி ஆனார். பின்னர் உயர் நீதிமன்றம் அவரை அழைத்து வீடியோவைக் காட்டியபோது, அதில் இருப்பது தான் இல்லை என்றார். அவர் மீது நீதிமன்றமே அவமதிப்பு நடவடிக்கை எடுத்தது. சாதிக்குள் வாழவேண்டிய ஒரு பெண்ணின் நெருக்கடி நமக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் வழக்கு அவர் ஒருவரின் வாயை மட்டும் நம்பியிருந்தால் அன்றே செத்திருக்கும்.

கைகொடுத்தது கோயில் கேமரா. யுவராஜும் அவருடைய ஆட்களும் அங்கே வந்ததும், கோகுல்ராஜ் அவர்களோடு போனதும் பதிவாகியிருந்தன. உயர் நீதிமன்ற நீதிபதிகள் எம்.எஸ்.ரமேஷ், என்.ஆனந்த் வெங்கடேஷ் இருவரும் 2023 ஜனவரியில் கோயிலுக்கே நேரில் போய் இடத்தைப் பார்த்தார்கள். கடைசியாக யாருடன் காணப்பட்டார், அதற்கும் மரணத்துக்கும் எவ்வளவு இடைவெளி, உடலில் என்ன காயம் என்று ஒவ்வொன்றாகக் கோத்துப் பார்க்கப்பட்டது. மதுரை சிறப்பு நீதிமன்றம் 2022 மார்ச்சில் 10 பேரைக் குற்றவாளிகள் என்றது. 5 பேரை விடுவித்தது. 2023 ஜூன் 2 அன்று உயர் நீதிமன்றம் யுவராஜின் ஆயுள் தண்டனையை உறுதிசெய்தது.

இதற்கான அளவுகோல் 1984இல் சரத் பிர்திசந்த் சார்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்தது. ஒவ்வொரு சூழ்நிலையும் முழுமையாக நிரூபணமாக வேண்டும். சங்கிலியில் ஒரு கண்ணிகூட விடுபடக் கூடாது. எதிரி குற்றவாளி என்பதைத் தவிர வேறு விளக்கத்துக்கே இடம் இருக்கக் கூடாது. சந்தேகம் எவ்வளவு வலுவாக இருந்தாலும் அது சாட்சியம் ஆகாது. இந்தக் கண்டிப்பு நம்மையும் காக்கிறது. ‘அந்தப் பக்கம் சுற்றிக்கொண்டிருந்தான்’ என்ற ஒற்றைக் காரணத்துக்காக ஓர் இருளர் இளைஞரையோ வடமாநிலத் தொழிலாளியையோ பிடித்து உள்ளே தள்ளிவிட முடியாது.

ஆனால் கேமரா காத்திருக்காது. கம்பெனி கேட், டோல்கேட், டீக்கடை கேமராக்களில் பழைய பதிவு சில நாட்களிலோ வாரங்களிலோ அழிந்து, அதன்மேல் புதியது ஏறிவிடும். சந்தேகம் இருந்தால் உடலை வாங்கும் முன்பே, இன்னின்ன கேமரா பதிவுகளைக் கைப்பற்றுங்கள் என்று எழுத்தில் மனுக் கொடுத்து ரசீது வாங்குங்கள். பிரேதப் பரிசோதனையை வீடியோ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். பதிவோடு சான்றிதழும் வேண்டும். முன்பு 65பி என்றார்கள், 2024 ஜூலை முதல் புதிய சாட்சியச் சட்டத்தில் 63ஆம் பிரிவு. அது இல்லாமல் வீடியோ நகல் நீதிமன்றத்தில் நிற்காது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கு என்றால், நீங்கள் விரும்பும் அனுபவமிக்க வழக்கறிஞரைச் சிறப்பு அரசு வழக்கறிஞராக நியமிக்க ஆட்சியரிடம் கேட்கலாம். விதி 4(5) அதற்கு வழி செய்கிறது. கோகுல்ராஜின் தாய் நீதிமன்றப் படியேறிப் போராடித்தான் வழக்கு 2019இல் நாமக்கல்லிலிருந்து மதுரைக்கு மாறியது. மகன் இறந்த நாளிலிருந்து முதல் தீர்ப்பு வர ஏழு ஆண்டுகளுக்குச் சில மாதங்களே குறைவு.