பொள்ளாச்சியில் குடியை விட நினைப்பவர் எங்கே போவது? ஏஏ கூட்டத்தைத் தேடுவது எப்படி?

பொள்ளாச்சி மாதிரி ஊரில் ஒருவர் குடிப்பது யாருக்கும் ரகசியம் இல்லை. டாஸ்மாக் வாசலில் நிற்கும் வண்டியை வைத்தே ஆளைச் சொல்லிவிடுவார்கள். அதே ஆள் குடியை விடப் பார்க்கிறார் என்பதுதான் வெளியே தெரியக் கூடாத செய்தியாகிவிடுகிறது. "உட்டுட்டாராமா, எத்தன நாளைக்குன்னு பார்க்கலாம்" என்ற ஒரு பேச்சுக்குப் பயந்தே பலர் உதவி தேடுவதைத் தள்ளிப்போடுகிறார்கள்.

நிறுத்த முடியாதவர்கள் என்று எல்லோரையும் சொல்லிவிட முடியாது. சபரிமலைக்கோ பழனிக்கோ மாலை போட்டால் ஒரு மண்டலம் சொட்டுகூடத் தொடாதவர்கள் கொங்குப் பக்கம் ஏராளம். மாலையைக் கழற்றிய கையோடு கடைக்குப் போகிறவர்களும் உண்டு. விரத நாட்களில் ஒரு குருசாமி இருக்கிறார், கூட மாலை போட்ட நாலு பேர் இருக்கிறார்கள், சாயங்காலம் பஜனை இருக்கிறது. மாலையோடு அந்தத் துணையும் கழன்றுவிடுகிறது. வருஷம் முழுக்க அப்படி ஒரு துணை வேண்டும் என்பதுதான் 'ஏஏ' எனப்படும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களின் அடிப்படை.

அது தொடங்கியதே ஒரு தேடலில்தான். 1935 மே மாதம், வேலை விஷயமாக அமெரிக்காவின் ஏக்ரான் நகருக்குப் போன பில் வில்சன், ஹோட்டலில் தனியாக நின்றபோது மறுபடி குடித்துவிடுவோமோ என்று பயந்தார். அங்கிருந்த தேவாலயங்களின் பட்டியலைப் பார்த்து போன் போட்டு, பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளியைத் தேடினார். அப்படிக் கிடைத்தவர்தான் டாக்டர் பாப் ஸ்மித். அந்த டாக்டர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10-ஐத்தான் ஏஏ தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. இந்தியாவுக்கு அது 1957-ல் வந்தது.

போனில் எப்படித் தேடுவது?

'குடி மறுவாழ்வு, என் அருகில்' என்று கூகுளில் போட்டால் முதலில் வருவது பெரும்பாலும் கட்டண மறுவாழ்வு மையங்களின் விளம்பரங்கள். அவை ஆளை உள்ளே தங்கவைத்துச் சிகிச்சை தருபவை, ஏஏ அப்படியல்ல. ஏஏ-வின் இந்தியப் பொதுச் சேவை அலுவலகம் மும்பையில் இருக்கிறது. அதன் இணையதளத்தில் கூட்டங்களை ஊர்வாரியாகத் தேடலாம்.

பொள்ளாச்சியோடு தேடலை நிறுத்த வேண்டாம். கோவை, உடுமலை, பாலக்காடு என்று சுற்றிலும் பாருங்கள். உள்ளூரில் முகம் தெரிந்துவிடும் என்று தயங்குபவருக்கு 40 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் கோவை ஒரு வசதி. உக்கடத்தில் இறங்கினால் உங்களைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

கிளம்பும் முன் போன் செய்துவிடுங்கள். கூட்டத்தின் இடமும் நேரமும் அடிக்கடி மாறும். எடுப்பவரும் பெரும்பாலும் குடியிலிருந்து மீண்டவராகவே இருப்பார், அதனால் "எம் பேரச் சொல்லோணுங்களா?" என்ற கேள்வி அவருக்குப் புதிதல்ல. வேண்டாம் என்பதுதான் பதில். தமிழ்க் கூட்டமா, ஆன்லைனில் உண்டா, பெண்கள் வருகிறார்களா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம். 'திறந்த கூட்டம்' என்றால் வீட்டாரையும் கூட்டிப் போகலாம். 'மூடிய கூட்டம்' குடிப்பழக்கத்தை விட நினைப்பவர்களுக்கு மட்டும். குடும்பத்தினருக்கென்றே அல்-அனான் என்ற தனி அமைப்பு 1951 முதல் இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கும்?

கூட்டம் பல ஊர்களில் சர்ச் ஹாலிலோ பள்ளி வகுப்பறையிலோ நடக்கும். மதம் மாற்றுகிறார்களோ என்ற சந்தேகம் வருவது இயல்பு. அது கூட்டம் நடக்கும் இடம், அவ்வளவுதான். கடவுள் என்ற சொல் அடிக்கடி காதில் விழும், அவரவர் புரிதல்படி எடுத்துக்கொள்ளலாம் என்பது அவர்கள் நிலைப்பாடு. கட்டணம் கிடையாது. செலவுக்கு உண்டியல் சுற்றி வரும், விருப்பம் இருந்தால் போடலாம். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கிடமாட்டார், அறிவுரையும் சொல்லமாட்டார். முதல் நாள் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்துவிட்டே வரலாம். சேர ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை.

இதில் பலன் உண்டா? 2020-ல் வெளிவந்த காக்ரேன் ஆய்வறிக்கை, 10,565 பேர் பங்கேற்ற 27 ஆய்வுகளை அலசியது. தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், ஏஏ-வோடு இணைக்கும் முறையான சிகிச்சைகள் மற்ற சிகிச்சைகளைவிட நல்ல பலன் தந்தன என்றது. எல்லோருக்கும் ஒத்துவரும் என்று அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு கூட்டம் பிடிக்கவில்லை என்றால் இன்னொன்றைப் பார்க்கலாம்.

இதைத் தவறவிட வேண்டாம்

தினமும் அதிகமாகக் குடிப்பவர் ஒரே நாளில் தானாக நிறுத்துவது ஆபத்து. கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மையில் தொடங்கி முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம். 2 முதல் 4 நாட்களுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, ஆள் அடையாளம் தெரியாமல் குழம்புவது என்று முற்றி, உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படியானால் உடனே 108-ஐ அழையுங்கள். ஏஏ மருத்துவம் அல்ல. எனவே தினசரி குடிப்பவர் முதலில் பொள்ளாச்சி அரசு மருத்துவமனையிலோ கோவை அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ டாக்டரைப் பார்த்துவிட்டு நிறுத்துவதே சரி. நேரில் போகத் தயங்கினால் 14446 போதை மீட்பு உதவி எண், 14416 டெலி-மானஸ் மனநல உதவி எண். இரண்டும் இலவசம்.

பக்கத்தில் தோதான கூட்டமே இல்லையென்றால்? குடியை விட்டு நிற்க 2, 3 பேர் ஒன்றுகூடினாலே அதைக் குழுவாக ஏஏ-வின் மரபு ஏற்கிறது. உட்கார ஓர் அறை, வாரத்தில் ஒரு கிழமை, தொடங்க அது போதும்.