ஊர்க்காவலில் அங்கத்தினர் பங்கு

ஊர்க்காவலில் பொதுமக்களும் பங்குகொள்ள வேண்டுமென்று, 1993-இல் இராமநாதபுரம் மாவட்டப் போலீஸ் சூப்பரிண்டெண்டு பிரதீப் பிலிப் ‘போலீஸ் நண்பர்கள்’ இயக்கத்தைத் தோற்றுவித்தார். தொண்டர்கள் இரவு ரோந்தில் உதவினர். இயக்கம் மாநிலமெங்கும் பரவிற்று. சாத்தான்குளத்தில் போலீஸ் காவலுக்குட்பட்ட தந்தையும் மகனும் 2020 ஜூனில் உயிரிழந்தபின், தொண்டர்கள்மீதும் புகார் எழவே, ஜூலையில் அரசு அதனைத் தடைசெய்தது. எண்ணம் பிழையன்று, தொண்டர் எதுவரை செல்லலாம் என்பதைக் கண்காணியாமையே பிழை என்பது என் கருத்து. (காசாளருக்கு உதவுபவரிடம் பெட்டிச் சாவியை நாம் விடுவதில்லையே!)

நூல் கிடங்குக்கும் பம்புசெட்டுக்கும் முறைக்காவல் வைக்கும் சங்கங்கள் ஒன்றை அறிதல் வேண்டும். ஜாமீனில் விடத்தகாததும், வாரண்டின்றிப் போலீஸார் கைதுசெய்யத்தக்கதுமான குற்றம் கண்ணெதிரே நிகழ்ந்தால், குற்றவாளியை எவரும் பிடிக்கலாம். ஆனால், 2024 ஜூலை முதல் அமலிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவின்படி, வீண் தாமதமின்றி, 6 மணி நேரத்துக்குள் போலீஸாரிடம் ஒப்படைத்தல் வேண்டும். பிடித்த நேரத்தைக் காவல் குறிப்பேட்டில் உடனே பதிக. விசாரணையும் அடியும் நம் வேலையல்ல.