வள்ளம் எங்க மக்கா?

இரணியல் ஸ்டேஷன். நாகர்கோவில் பாசஞ்சருக்காக வெயிட்டிங். "வண்டி பள்ளியாடி தாண்டிட்டு மக்கா!" - செல்போனைப் பார்த்து நண்பன் சொல்ல, கொஞ்ச நேரத்தில் ஹாரன் சத்தம். நம்ம ரயில் இன்ஜின்கள் பலவற்றில் இப்போ ஒரு கருவி இருக்கு. செயற்கைக்கோள் உதவியோட 30 விநாடிக்கு ஒருமுறை, 'நான் இங்கே இருக்கேன்'னு அது தகவல் அனுப்பும்.

சரி, ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கு. கடலில்?

எங்க ஊரில் பஸ் ஏறினா அரை மணி நேரத்தில் குளச்சல் கடற்கரை. 2017 நவம்பர் 30-ல் ஒக்கி புயல் வந்தப்போ நான் ஏழாம் வகுப்பு. மரம் சாய்ஞ்சு, கரன்ட் போய், ஊரே இருட்டு. ஆனா கடற்கரை கிராமங்களில் ஒரே கேள்விதான்... 'போன வள்ளம் எங்கே?' ஆழ்கடலில் செல்போன் எடுக்காது. யார் எங்கே இருக்காங்கன்னு பார்க்க ஒரு பட்டியல் இல்லை. சிலர் லட்சத்தீவிலும் குஜராத்திலும் கரை சேர்ந்தாங்க. பலர் திரும்பவே இல்லை.

அந்தப் பட்டியலைப் போடுறது அவ்வளவு கஷ்டமா? டி.பி.எம்.எஸ். பேப்பரில் அரியர் வெச்சவங்களும் கேளுங்க, ஈஸிதான்!

ஒரு லட்சம் படகுகள் நிமிஷத்துக்கு ஒருமுறை இடத்தைச் சொன்னா, ஒரு நாளைக்கு 14.4 கோடி பதிவுகள். 'குளச்சலில் இருந்து 50 கிலோமீட்டருக்குள் யார் இருக்கா?'ன்னு கேட்டா, ஒவ்வொண்ணா தேடிட்டு இருக்க முடியாது. ரோல் நம்பர்னா வரிசையா அடுக்கலாம். இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகைன்னு ரெண்டு எண்கள் ஆச்சே! இதுக்கு 1984-ல் கட்மேன் என்பவர் சொன்ன வழிதான் 'ஆர் ட்ரீ'. பக்கத்துப் பக்கத்துல இருக்கிற படகுகளைச் சுத்தி ஒரு பெட்டி. அந்தப் பெட்டிகளைச் சுத்தி இன்னொரு பெரிய பெட்டி. சென்னைப் பக்கத்துப் பெட்டியைத் திறக்காமலே தள்ளிடலாம்.

ஆனா படகு சும்மா நிக்குமா? அது நகர நகர பெட்டியை மாத்திட்டே இருக்கணும். பாடப் புத்தகத்தின் பக்க எண்கள் நிமிஷத்துக்கு நிமிஷம் மாறினா, பொருளடக்கம் என்ன கதி ஆகும்?

இங்கேதான் சூப்பர் ஐடியா. இடத்தோட வேகம், திசை, நேரத்தையும் சேர்த்து எழுதி வை. பத்து மணிக்கு முட்டத்துக்குத் தென்மேற்கே 20 கிலோமீட்டர், அதே திசையில் மணிக்கு 10 கிலோமீட்டர் வேகம்னா, பதினோரு மணிக்கு 30-வது கிலோமீட்டர். கணக்கே சொல்லிடும். படகு கணக்கை விட்டு விலகினா மட்டும் புதுப் பதிவு போதும். 2000-ல் வந்த 'டி.பி.ஆர். ட்ரீ'யில் பெட்டிக்கும் வேகம் உண்டு. அதனால, 'நாளைக்குப் புயல் பாதையில் யார் இருப்பா?'ன்னுகூட இன்னிக்கே கேட்கலாம்!

ஒரு எச்சரிக்கை. இன்ஜின் நின்னுபோய், காத்தும் நீரோட்டமும் மணிக்கு 4 கிலோமீட்டர் இழுக்குதுன்னு வெச்சுக்குங்க. தகவல் வந்து பத்து மணி நேரம் ஆச்சுன்னா, தேட வேண்டியது 40 கிலோமீட்டர் ஆரமுள்ள வட்டம். சுமார் 5,000 சதுர கிலோமீட்டர்! அதனால, 'எங்கே' என்பதோட 'எப்போ' என்பதும் உயிர் காக்கிற விஷயம்.

இஸ்ரோ தொழில்நுட்பத்தில் டிரான்ஸ்பாண்டர் வந்தாச்சு. செல்போன் டவர் இல்லாத இடத்திலும் செயற்கைக்கோள் வழியா ரெண்டு பக்கமும் தகவல் போகும். ஒரு லட்சம் மீன்பிடி படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30-ல் தொடங்கியது.

ஃபைனல் இயர் ப்ராஜெக்டுக்கு எல்லோரும் காலேஜ் பஸ்ஸைத்தானே ட்ராக் பண்றீங்க? ஒருதடவை குளச்சல் பக்கம் வாங்க. கருவி இல்லாத சின்ன வள்ளங்களுக்குக் குறைஞ்ச செலவில் என்ன செய்யலாம்னு மீனவர்களிடமே கேளுங்க. டேபிளில் இல்லாத வள்ளத்தை எந்த ட்ரீயாலும் தேடித் தர முடியாது மக்கா!