டாமிக்கு ஒரு பாலிசி

நாயின் விலைக்கு இன்ஷூரன்ஸா, அதன் வைத்தியச் செலவுக்கா? கையெழுத்துப் போடும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் அது

மே மாதம் நாய் டாக்டர்களுக்கு மாங்கொட்டை மாதம். சப்பிப்போட்ட கொட்டையைக் குப்பைக் கூடையிலிருந்து எடுத்து, வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் முழுதாக விழுங்கிவிடுவதில் லாப்ரடாரை மிஞ்ச ஆளில்லை. இரண்டு நாள் கழித்து வாந்தி. மூன்றாம் நாள் தண்ணீர்கூட வயிற்றில் தங்காது. எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்துப் பார்த்தால் சிறுகுடலை அடைத்துக்கொண்டு கொட்டை உட்கார்ந்திருக்கும். உடனே வயிற்றைத் திறந்தாக வேண்டும். தாமதித்தால் குடல் அழுகிவிடும். பெருநகரத் தனியார் கிளினிக்கில் அறுவை, மயக்க மருந்து, நாலைந்து நாள் டிரிப் எல்லாம் சேர்ந்தால் பில் பத்தாயிரங்களில் நிற்கும். முதலில் கொஞ்சம் கட்டுங்கள் என்பார்கள். கையில் பணம் இல்லாதவர் நாயைத் தூக்கிக்கொண்டு திரும்புவார், அல்லது வலியில்லாமல் முடித்துவிடும் ஊசியைப் பற்றித் தயங்கித் தயங்கிக் கேட்பார். மனிதனுக்கு இருப்பதுபோல நாய்க்கும் இன்ஷூரன்ஸ் கிடையாதா என்ற எண்ணம் பல குடும்பங்களுக்கு முதன்முதலாக வருவது அந்த இடத்தில்தான்.

கிடைக்கிறது. அது புதிதும் அல்ல. 1973-ல் பொதுக் காப்பீட்டுத் துறை தேசியமயமாகி நான்கு அரசு நிறுவனங்கள் உருவானபின், கிராமங்களில் கறவை மாட்டுக்கு இன்ஷூரன்ஸ் பரவியது. நாய் பாலிசி அந்த மாட்டு பாலிசியின் தம்பி. மாடு செத்தால் விவசாயியின் வருமானம் போகிறது. அதன் சந்தை விலையைக் கொடுத்தால் அவர் இன்னொரு மாடு வாங்கிக்கொள்ளலாம். இதில் குறை சொல்ல எதுவும் இல்லை. அதே சட்டையை நாய்க்கும் போட்டுவிட்டார்கள். நாய் விபத்திலோ நோயிலோ இறந்தால் அதன் விலை கிடைக்கும். எட்டு வாரக் குட்டி முதல் எட்டு வயது வரை என்பது இத்தகைய பாலிசிகளின் வழக்கமான வரம்பு. பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து ரூபாய் வரை.

ஆனால் நாய் வளர்ப்பவர்களில் எத்தனை பேர் அதன் விலைக்காக வளர்க்கிறார்கள்? காவல் நாய் வியாபாரம் செய்பவர், குட்டி விற்பவர், கண்காட்சிக்குக் கொண்டுபோகிறவர் ஆகியோருக்கு நாய் ஒரு முதலீடு. மற்றவர்களுக்கு அது வீட்டு ஆள். இறந்தபின் வரும் முப்பதாயிரம் ரூபாய் காசோலையைவிட, இறக்காமல் காப்பாற்ற முப்பதாயிரம் ரூபாய் கிடைத்தால்தான் அவர்களுக்கு உதவி. கணக்குப் போட்டுப் பார்த்தாலும் அப்படித்தான். 30,000 ரூபாய் மதிப்புள்ள நாய்க்கு ஐந்து சதவீதம் என்றால் ஆண்டுக்கு 1,500 ரூபாய். ஏழு ஆண்டில் 10,500. இந்த ஏழு ஆண்டில் மாங்கொட்டைக்கும் உண்ணிக் காய்ச்சலுக்கும் எலும்பு முறிவுக்கும் ஆன செலவில், விலைக்கு மட்டும் எடுத்த பாலிசி ஒரு பைசா தராது. நாய் பிழைத்துக்கொண்டதல்லவா!

இந்த நிலை மாறத் தொடங்கியது 2020-ல். அந்த ஆண்டு பஜாஜ் அலையன்ஸ் நிறுவனம் அறுவை, மருத்துவமனைச் செலவு ஆகியவற்றை ஏற்கும் நாய் பாலிசியைக் கொண்டுவந்தது. 2021-ல் பியூச்சர் ஜெனராலியும் சேர்ந்துகொண்டது. வேறு சில நிறுவனங்களும் பின்னால் வந்தன. இந்தப் புதிய பாலிசிகள் ஓட்டல் மெனு போன்றவை. அறுவையும் மருத்துவமனையும் ஓர் இனம். இறப்பு ஓர் இனம். கொடிய நோய், வெளிநோயாளி வைத்தியம், காணாமல் போவது, அடுத்தவரைக் கடித்தால் வரும் நஷ்டஈடு என்று ஒவ்வொன்றுக்கும் தனி விலை, தனி உச்சவரம்பு. பஜாஜ் பாலிசி ராஜபாளையத்துக்கும் உண்டு, ரோட்வைலருக்கும் உண்டு, வம்சம் தெரியாத தெருக்குட்டிக்கும் உண்டு. தோலுக்கடியில் மைக்ரோசிப் பொருத்திய நாய்க்கு ஐந்து சதவீதத் தள்ளுபடி வேறு.

அப்படியானால் வாங்கிவிட வேண்டியதுதானே? அதற்கு முன், இந்திய நாய்களுக்கு உண்மையில் என்னென்ன வருகிறது என்பதையும் பாலிசியின் பொடி எழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

குட்டிகளை அதிகம் கொல்லும் நோய்களில் ஒன்று பார்வோ. 1978 வாக்கில் உலகெங்கும் பரவிய இந்த வைரஸ் 1980களின் தொடக்கத்தில் இந்தியாவிலும் கண்டறியப்பட்டது. இரத்தம் கலந்த பேதியில் மூன்று நாளில் குட்டி துவண்டுவிடும். பிறந்து ஆறு வாரத்திலிருந்து ஆறு மாதம் வரைதான் ஆபத்து அதிகம். புதிய பாலிசிகளின் கதவோ மூன்று மாதத்துக்குப் பிறகு, சிலவற்றில் ஆறு மாதத்துக்குப் பிறகுதான் திறக்கிறது. எட்டு வாரத்திலேயே சேர்த்துக்கொள்ளும் பழைய பாலிசியிலும் பார்வோ, டிஸ்டெம்பர், வெறிநோய், கல்லீரல் அழற்சி, எலிக்காய்ச்சல் ஆகியவற்றுக்குத் தடுப்பூசி போட்டதற்கான அட்டை இல்லையென்றால் நஷ்டஈடு இல்லை. அட்டை சரியாக இருக்கும் குட்டிக்கு அந்த நோய்கள் வருவதே அரிது. ஆக, பார்வோவிடமிருந்து காப்பது பாலிசி அல்ல, சில நூறு ரூபாய்த் தடுப்பூசிதான்.

அடுத்தது உண்ணி. காஷ்மீரிலிருந்து கன்னியாகுமரிவரை நாய் வளர்ப்பவர்களுக்குத் தெரிந்த எதிரி. அது கொண்டுவரும் எர்லிக்கியா, பபீசியா ஆகிய தொற்றுகளில் இரத்தத்தின் தட்டணுக்கள் குறையும், மூக்கில் இரத்தம் வடியும், நாய் சோற்றைத் திரும்பிப் பார்க்காது. எர்லிக்கியாவுக்கு வைத்தியம் என்னவோ பெரும்பாலும் வீட்டில்தான்: நான்கு வாரம் மாத்திரை, இடையிடையே இரத்தப் பரிசோதனை, காலையில் போய் டிரிப் ஏற்றிக்கொண்டு மாலையில் திரும்புவது. மருத்துவமனையில் தங்கினால் மட்டும் பணம் என்ற பிரிவை வாங்கியவருக்கு இதில் கிடைப்பது சொற்பம். வெளிநோயாளிப் பிரிவைச் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும். அதற்குப் பிரீமியம் ஏறும்.

பெண் நாய்க்கு நடுவயதில் காத்திருப்பது கர்ப்பப்பையில் சீழ் பிடிக்கும் நோய். நாய் இன்ஷூரன்ஸ் நெடுங்காலமாக வேரூன்றிய ஸ்வீடனில் காப்பீட்டு நிறுவனத்தின் பதிவேடுகளை ஆராய்ந்தபோது, பத்து வயதுக்குள் ஏறக்குறைய நான்கில் ஒரு பெண் நாய்க்கு இது வந்திருந்தது. அங்கே பெண் நாய்களுக்குக் கருத்தடை செய்வது வழக்கமில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இளவயதிலேயே கர்ப்பப்பையை எடுத்துவிட்டால் நோயே வராது. செலவு ஒரு முறைதான். பல பாலிசிகள் இனப்பெருக்கம் சம்பந்தப்பட்ட தொல்லைகளை விலக்கி வைத்திருப்பதால், இதையும் கையெழுத்துக்கு முன் கேட்டுவிடுவது நல்லது.

பிறவிக் குறைகளில்தான் வம்ச நாய்க்காரர்கள் ஏமாறுகிறார்கள். ஜெர்மன் ஷெப்பர்டுக்கும் லாப்ரடாருக்கும் இடுப்பு மூட்டு, பக் நாய்க்கு மூச்சு. 2003-ல் ஒரு செல்போன் விளம்பரத்தில் சிறுவனின் பின்னாலேயே ஓடிய பக், நாட்டில் பாதிப் பேரின் ஆசையைக் கிளப்பியது. சப்பை மூக்கோடு பிறந்த அந்த நாய் நம் ஊர் வெயிலில் மூச்சுக்குத் திணறுவது விளம்பரத்தில் தெரியவில்லை. அதன் மூக்குத் துவாரத்தை அகலப்படுத்தும் அறுவைக்குப் பணம் கேட்டால், பரம்பரைக் குறை என்று பாலிசி கையை விரிக்கக்கூடும். பாலிசி எடுக்கும் முன்பே மருத்துவக் குறிப்பில் ஏறிவிட்ட எந்த நோய்க்கும் இதே கதிதான். தோல் அரிப்பு என்று எப்போதோ எழுதிய ஒரு வரியும் இதில் சேரும்.

பிறகு முதுமை. நாய்க்குச் செலவு ஏறுவது எட்டு வயதுக்கு மேல்: கட்டி, சிறுநீரகம், இதயம். பாலிசி இறங்கிக்கொள்ளும் வயதும் அதுதான். பஜாஜ் திட்டத்தில் சிறிய, நடுத்தர, பெரிய இனங்கள் ஏழு வயதுக்குள் சேர வேண்டும். கிரேட் டேன் போன்ற பேருரு நாய்களுக்கு நான்கே வயது. இளமையில் சேர்ந்து விடாமல் புதுப்பித்து வந்தவர் இன்னும் சில ஆண்டு ஓட்டலாம். ஒன்பது வயது நாயோடு வருகிறவருக்கு இடமில்லை.

இவ்வளவும் கழித்தபின் மிச்சம் இருப்பது என்ன? திடீர் அறுவை. மாங்கொட்டை, லாரி மோதல், மாடியிலிருந்து விழுதல், ஆழமான மார்புள்ள பெரிய நாய்களுக்கு வயிறு ஊதி முறுக்கிக்கொள்வது. யாரும் எதிர்பார்க்க முடியாத, தள்ளிப்போட முடியாத, ஒரே நாளில் பெரும் தொகை கேட்கும் ஆபத்துகள் இவை. இன்ஷூரன்ஸ் என்ற ஏற்பாடு பிறந்ததே இதற்காகத்தான். ஒரு வயது முதல் ஏழு வயது வரையுள்ள நாய், தனியார் கிளினிக்கை விட்டால் வழியில்லாத நகரம், அவசரத்துக்கு ஐம்பதாயிரம் புரட்ட முடியாத குடும்பம். மூன்றும் சேர்ந்த இடத்தில் அறுவை - மருத்துவமனைப் பிரிவை மட்டும் வாங்குவது புத்திசாலித்தனம். அலங்காரங்களை விட்டுவிடலாம்.

நல்ல அரசு மருத்துவமனைக்குப் பக்கத்தில் இருப்பவரின் கணக்கு வேறு. 1903-ல் தொடங்கிய சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி, பரேலியின் இந்தியக் கால்நடை ஆராய்ச்சி நிறுவனம், லூதியானாவின் கால்நடைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றின் மருத்துவமனைகளில் வரிசையில் நிற்கப் பொறுமை இருந்தால் தனியார் கட்டணத்தில் சிறு பங்குக்கு அறுவை நடக்கும். மும்பை பரேலில் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே விலங்கு மருத்துவமனை இருக்கிறது. 2024-ல் மகாலட்சுமியில் டாட்டா அறக்கட்டளைகளின் மருத்துவமனையும் திறந்தது. இவர்கள் பிரீமியத்துக்குப் பதிலாக அஞ்சலகத் தொடர் வைப்பில் மாதம் 500 ரூபாய் போட்டால் ஐந்து ஆண்டில் வட்டி நீங்கலாக 30,000. நாய்க்கு எதுவும் வராவிட்டால் பணம் வீட்டிலேயே இருக்கும். ஒரே சிக்கல், மாங்கொட்டை ஐந்து ஆண்டு காத்திருக்காது. முதல் ஆண்டிலேயே விழுங்கினால் கையில் ஆறாயிரம்தான்.

வைத்தியத்தைவிடப் பெரிய ஆபத்து இன்னொன்று, பலர் நினைத்துப் பார்க்காதது: நாய் அடுத்தவரைக் கடிப்பது. 2024 ஜூலையில் அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-ஆம் பிரிவு, விலங்கை அஜாக்கிரதையாக வைத்திருப்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை, 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்கிறது. சிறையையும் அபராதத்தையும் எந்த பாலிசியும் ஏற்காது. ஆனால் கடிபட்டவர் சிவில் கோர்ட்டுக்குப் போய்க் கேட்கும் நஷ்டஈட்டை ஏற்கும் பிரிவு உண்டு. 2023-ல் பஞ்சாப் - ஹரியானா உயர்நீதிமன்றம் நாய்க்கடியில் பதியும் ஒவ்வொரு பல் தடத்துக்கும் குறைந்தது 10,000 ரூபாய் என்று கணக்குச் சொன்னது. அது தெரு விலங்குகள் விஷயத்தில் அரசுக்குச் சொன்னதுதான். என்றாலும் பல்லை எண்ணும் பழக்கம் வந்துவிட்டது. அடுக்குமாடியில், லிஃப்டில், குழந்தைகளுக்கு நடுவே பெரிய நாயை நடத்திப் போகிறவருக்கு இந்த ஒரு பிரிவே பிரீமியத்தை நியாயப்படுத்திவிடும்.

அரசு உதவி உண்டா என்றால், தேசியக் கால்நடை இயக்கத்தில் எருமை, ஒட்டகம், கழுதை, பன்றி, முயல், இமயமலை யாக் வரை மானியத்தோடு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. 2024-ல் விவசாயி கட்ட வேண்டிய பங்கு 15 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. முயலுக்குக் கிடைத்த இடம் நாய்க்குக் கிடைக்கவில்லை.

வாங்கத் தீர்மானித்தவர்கள் பெரும்பாலும் தோற்பது கடைசிக் கட்டத்தில். மாட்டுக் காதில் தோடு இல்லையேல் பணம் இல்லை என்பது கிராமத்தில் எல்லோருக்கும் தெரியும். நாய்க்கும் அதே விதிதான்: செத்தது இன்ஷூர் செய்த நாய்தான் என்று நிரூபிக்க வேண்டும். மைக்ரோசிப் எண்ணோ, அடையாளங்கள் தெரியும் போட்டோக்களோ முதல் நாளே நிறுவனத்திடம் இருக்க வேண்டும். நாய் இறந்தால் உடனே தகவல் சொல்லி, பதிவுபெற்ற கால்நடை மருத்துவரிடம் பிரேதப் பரிசோதனை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும். துக்கத்தில் யாருக்கு இதெல்லாம் நினைவிருக்கும்? பத்து வருடம் காலடியில் கிடந்த பிராணியை அறுக்கக் கொடுக்க மனம் வராமல், பழைய போர்வையில் சுற்றி, விடியும் முன்பே வேப்பமரத்தடியில் புதைத்துவிடுகிறார்கள். பாலிசி அலமாரியில் அப்படியே இருக்கிறது.